வெறும் போர்ட்டுகளுக்கு விளக்கு வைத்தவன்

பயன்படுகிற பொருளுக்குக் காவல் தேவையில்லை. பழுதானால் அதுவே சத்தம் போட்டு ஆளைக் கூப்பிடும். சும்மா கிடக்கிற பொருளுக்குத்தான் ஆள் வைத்துப் பார்க்க வேண்டும். இந்த உண்மையை நான் எந்தப் புத்தகத்திலும் வாசித்து அறியவில்லை. (வாசித்து அறிந்த உண்மைகளால் எனக்கு இதுவரை ஒரு பிரயோசனமும் ஏற்பட்டதில்லை.) வேலணைத் தீவில் ஒரு குளிரூட்டிய அறைக்குள் உட்கார்ந்து, முப்பத்தொன்பது ஓட்டைகளுக்குள் ஒன்றுமே நடக்கவில்லை என்று கிழமைக்கு ஒருதரம் கொழும்புக்கு அறிவித்துக்கொண்டிருந்த காலத்தில் அறிந்துகொண்டேன்.

விளங்கச் சொல்கிறேன். நான் வேலை பார்த்தது கல்யாண வீடியோக்களைச் சேமித்து வைக்கும் ஒரு கம்பனியில். நாடு முழுவதும் உள்ள ஸ்ரூடியோக்காரர்கள் படம் பிடித்து அனுப்புவார்கள். நோர்வேயிலும் கனடாவிலும் இருக்கும் சொந்தக்காரர்கள் இணையத்தில் எடுத்துப் பார்ப்பார்கள். தலைமை அலுவலகம் கொழும்பில், முதலாளி லண்டனில், முதலாளியின் தகப்பனார் கட்டிய வீடு வேலணையில் பூட்டிக் கிடந்தது. வெளிநாடு போன மற்றவர்கள் ஊருக்குக் கோபுரம் கட்டினார்கள். இவர் வித்தியாசமான மனிதர். தன் கம்பனியின் சேமிப்பு இயந்திரங்களில் பாதியைக் கொண்டுவந்து அந்த வீட்டுச் சாமியறைக்குப் பக்கத்து அறையில் வைத்தார். புதுக் கல்யாணங்கள் கொழும்பில் இருக்கும். இரண்டு வருடம் பழசான கல்யாணங்கள் வேலணைக்கு வந்து சேரும். அவற்றுக்குக் காவலாக, முப்பத்தேழு வயதாகியும் கல்யாணம் ஆகாத என்னை நியமித்தார். இதில் கேலி எதுவும் இருந்ததாக அவர் நினைக்கவில்லை. ஊர் நினைத்தது.

அந்த இயந்திரங்களை ஒன்றோடொன்று இணைப்பதற்கு சுவிட்ச் என்று ஒரு தட்டைப் பெட்டி உண்டு. முகத்தில் இரண்டு வரிசையாக நாற்பத்தெட்டு ஓட்டைகள். அவைதான் போர்ட்டுகள். கேபிள் செருகி மறுமுனையில் உயிர் இருந்தால் மேலே பச்சை லைற் மினுங்கும். எங்களுக்குத் தேவைப்பட்டவை ஒன்பது. "ஊர் வளரும் தம்பி" என்று சொல்லி முதலாளி நாற்பத்தெட்டு வாங்கியிருந்தார். மிச்சம் முப்பத்தொன்பதும் வெறுமை.

வெறும் போர்ட் ஆபத்தானது. திறந்து கிடந்தால் எவனாவது வந்து ஒரு கேபிளைச் செருகி அத்தனை கல்யாணங்களையும் அள்ளிக்கொண்டு போகலாம். (அந்த வளவுக்குள் நானும் பக்கத்து வீட்டு ஆடுகளும்தான் நடமாடினோம். இருந்தாலும் சட்டம் சட்டம்தான்.) ஆகவே ஒவ்வொன்றுக்கும் பிளாஸ்ரிக் மூடி போட வேண்டும், கட்டளை கொடுத்து உள்ளேயும் அடைக்க வேண்டும், வெள்ளிக்கிழமை தோறும் காலை பத்து மணிக்குக் கொழும்பிலிருந்து கேட்கும்போது ஒவ்வொன்றாகப் பார்த்துப் பதில் சொல்ல வேண்டும்.

தொலைபேசியில் கேட்டது தலைமை அலுவலகத்து மைதிலி.

"அண்ணை, பத்து?"

"மூடிக் கிடக்குது."

"பதினொண்டு?"

"அதுவும்."

"பன்னிரண்டு?"

"ஒரு அசுமாத்தமும் இல்லை."

"அண்ணை, ஓம், இல்லை எண்டு சொன்னால் போதும்."

முதல் மாதத்தில் இந்த உரையாடல் பத்து நிமிடத்தில் முடிந்தது. ஆறாம் மாதத்தில் ஐம்பது நிமிடம் எடுத்தது. போர்ட்டுகள் கூடவில்லை. இருபது தாண்டும்போது அவளுக்கு அலுப்பு வந்துவிடும். "இருபத்தாறு? அங்கை மழையோ அண்ணை?" என்பாள். முப்பதுகளில் தாயின் முழங்கால் வருத்தத்தைச் சொல்வாள். லிஃப்டில் ஏறப் பயந்து ஐந்து மாடி நடந்து வந்த கதை முப்பத்து நாலுக்கும் முப்பத்தைந்துக்கும் இடையில் வந்தது. "உங்கடை ஜன்னலாலை கடல் தெரியுமோ?" என்று ஒருநாள் கேட்டாள். "ஓம், வடிவாத் தெரியும்" என்றேன். ஜன்னலால் தெரிந்தது மதில்.

வெள்ளிக்கிழமைகளில் நான் முகம் வழித்து, அயன் பண்ணிய சேர்ட் போட்டு வேலைக்குப் போனேன். தொலைபேசியில் பேசுவதற்கு எதற்கடா அயன் சேர்ட் என்று அப்போது யாராவது கேட்டிருந்தால், குரலில் கசங்கல் தெரியும் என்று பதில் சொல்லியிருப்பேன். அந்த அளவுக்கு முற்றியிருந்தது. ஒரேயொரு இடைஞ்சல், அந்த 'அண்ணை'. எங்கள் பக்கத்தில் அது வெறும் மரியாதை இல்லை. அது வேலி. நான் 'நீர்' என்று அழைத்து வேலிக்கு இந்தப் பக்கமாகவே நின்றேன்.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, பதினெட்டாம் போர்ட்டில், அவள் சொன்னாள்:

"அண்ணை, வாற மாசம் புது மென்பொருள் ஒண்டு போடுகினம். வெறும் போர்ட்டுகளை அதுவே பார்க்குமாம். இனி நான் எடுக்கத் தேவையில்லை."

"அப்ப நீர்?"

"எனக்கு மெல்பேர்ண் விசா வந்திட்டுது. மாச முடிவிலை போறன். அதுக்கு முதல் மனேச்சரோடை அங்கை வந்து எல்லாத்தையும் ஒருக்கால் நேரிலை பார்க்கவேணும். புதன்கிழமை வாறம். மனேச்சர் சொல்லுறார், அந்த இடம் செத்த இடமாம், பேசாமல் மூடிவிடலாமாம். பத்தொன்பது?"

பத்தொன்பதில் என்ன இருந்தது என்று எனக்கு நினைவில்லை.

எனக்கு ஒரு புதன்கிழமை கிடைத்திருந்தது. அதில் அவளிடம் ஒரு வசனம் சொல்லியாக வேண்டும். திட்டம் போட்டேன். பதினொரு மணிக்கு வருவார்கள். ஒரு மணிக்குள் வேலை முடியும். அக்கா நண்டுக் கறி சமைப்பா. சாப்பிட்டபின் மனேச்சர் கண்ணயர்வார். (நண்டுக் கறி சாப்பிட்டுக் கண்ணயராத மனேச்சரை நான் கண்டதில்லை.) அந்த நேரத்தில் மைதிலியை மண்கும்பான் கடற்கரைக்குக் கூட்டிப் போவேன். வசனத்தையும் தயாரித்தேன். பதினேழு சொற்கள் இருந்தன. செவ்வாய்க்கிழமைக்குள் ஒன்பதாகக் குறைத்தேன்.

ஆனால் 'செத்த இடம்' என்ற சொல் என்னைக் குடைந்தது. அவள் கதவைத் திறந்ததும் காணப்போவது என்ன? ஒன்பது லைற்றும் முப்பத்தொன்பது இருட்டும். இப்படியொரு இடத்தில் இருக்கிறவன் ஒன்பது சொல் சொன்னால் யார் கேட்பார்கள்?

இந்த இடத்தில் என் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அக்காவிடம் நான்கு வீடுகளின் திறப்புக் கொத்து இருந்தது. எல்லாம் வெளிநாடு போனவர்களின் வீடுகள், முதலாளியின் வீடும் அதில் ஒன்று. வீடு பூட்டிக் கிடக்கிறது என்று தெரிந்தால் கூரை ஓடும் போகும், கதவும் போகும், கிணற்றுக் கப்பியும் போகும். அதனால் அக்கா தோய்க்கிற உடுப்புகளை ஒரே கொடியில் போடமாட்டா. திங்கள் ஒரு வளவில், செவ்வாய் மற்ற வளவில் என்று முறை வைத்துக் காயப் போடுவா. அத்தானின் சாரங்கள் வேலணை முழுக்கப் பறந்தன. அத்தானுக்கு நான்கு வீடு என்று புதிதாக வந்த தபால்காரர் கொஞ்சக்காலம் நம்பியிருந்தார்.

"வீட்டுக்குள்ளை ஆள் இருக்குதெண்டு றோட்டாலை போறவனுக்குத் தெரியவேணுமடா" என்பா அக்கா. "ஆள் இருக்கத் தேவையில்லை. தெரிஞ்சால் போதும்."

தெரிந்தால் போதும். செவ்வாய்க்கிழமை காலை இந்தத் தத்துவம் என் தலைக்குள் ஏறி உட்கார்ந்தது. அலுமாரியில் மேலதிகக் கேபிள்கள் பன்னிரண்டு இருந்தன. ஒரு கேபிளின் ஒரு நுனியைப் பத்தாம் போர்ட்டிலும் மறு நுனியைப் பதினொன்றிலும் செருகினால் இரண்டும் ஒன்றையொன்று பார்த்து, ஆகா ஆள் இருக்குது என்று பச்சை லைற் போடும். பன்னிரண்டு கேபிளுக்கு இருபத்து நாலு லைற்! உண்மையான கேபிள்களும் நீலம், இவையும் நீலம். லைற்றுகள் கலந்து தெரியவேண்டுமென்று உண்மையான ஒன்பதையும் ஒவ்வொன்றாக வேறு போர்ட்டுகளைத் திறந்து இடையிடையே மாற்றிச் செருகினேன், எது எங்கே போனதென்று குறித்து வைக்கவில்லை. எல்லாவற்றையும் பின்பக்கமாக வளைத்து, உண்மையானவற்றோடு சேர்த்து, நாற்பது பிளாஸ்ரிக் கட்டுப் போட்டு, பெண்பிள்ளையின் தலைபோலப் பின்னி முடித்தேன். அன்று முழுநாளும் அதற்கே போனது. பொய்க் கேபிள்களின் போர்ட்டுகளுக்கு மூடிகளைக் கழற்றினேனே தவிர, உள்ளே அடைத்த கட்டளையை எடுக்கவில்லை. அவை எல்லாம் இருட்டாகவே இருந்தன. கோயிலில் திரை விலகும் நேரம் ஒன்று இருக்கிறதல்லவா, அப்படி அவள் வாசலுக்கு வரும்போது ஒரே கட்டளையில் திறப்பதாக உத்தேசம்.

தொழில் தெரிந்த வாசகர் இந்நேரம் தலையில் கை வைத்திருப்பார். தெரியாதவருக்குச் சொல்கிறேன். சுவிட்சுக்குள் சில செய்திகள் எல்லாப் போர்ட்டுகளுக்கும் போகும். இரண்டு போர்ட்டை இப்படி முடிச்சுப் போட்டால், ஒன்றால் வெளியே போன செய்தி மற்றதால் உள்ளே வரும், வந்தது திரும்பப் போகும், போகும்போது பெருகும். சந்தியில் ஒருவர் சொன்ன புதினம் கோயிலுக்குப் போய், கோயிலிலிருந்து சந்திக்கு இரண்டாகத் திரும்பி வருவதுபோல. கடைசியில் புதினத்தைத் தவிர ஊரில் வேறு ஒன்றும் நடக்காது. இதைக் கண்டுபிடித்து நிறுத்துவதற்கு சுவிட்சுக்குள்ளேயே ஒரு காவல் ஏற்பாடு உண்டு. சேமிப்பு வேலைக்கு அது வேகத்தைக் குறைக்கிறது என்று ஒரு மேதாவி அதை நிறுத்தி வைத்திருந்தான்.

மேதாவி நான்தான்.

புதன்கிழமை பதினொரு மணிக்கு வாசலில் வான் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. கட்டளையைத் தட்டினேன். இருபத்து நாலு பச்சைப் புள்ளிகள் ஒரே நேரத்தில் கண் விழித்தன. மினுங்கின என்று சொல்வது போதாது, துடித்தன. திருவிழாச் சப்பறம்போல இருந்தது. அவ்வளவு வேகமாக மினுங்கக் கூடாதே என்று ஒரு எண்ணம் வந்தது. அந்த நேரம் கதவு திறந்தது.

மைதிலி என் கற்பனையில் இருந்ததைவிடக் கட்டையாக இருந்தாள். கண்ணாடி போட்டிருந்தாள். அந்த நிமிடத்திலிருந்து என் கற்பனையில் இருந்தவள் யார் என்று எனக்கு மறந்துபோயிற்று.

"அண்ணை! இவ்வளவு லைற்றோ? ஒன்பதெண்டு சொன்னனீங்கள்?"

நான் ஒரு புன்னகையோடு வாயைத் திறந்தேன். மனேச்சரின் தொலைபேசி அடித்தது. எடுப்பதற்குள் மைதிலியின் தொலைபேசி அடித்தது. பிறகு என்னுடையது. மூன்றும் கொழும்பிலிருந்து.

வேலணைக் கல்யாணங்கள் எல்லாம் நின்றுவிட்டன. நோர்வேயில் ஒரு குடும்பம் விடிகாலையிலேயே ஆட்களைக் கூப்பிட்டு, மகளின் மூன்றாம் வருடக் கல்யாண நாளுக்கு வீடியோ போட்டிருக்கிறது. சரியாகத் தாலி கட்டும் இடத்தில் படம் உறைந்துபோயிற்று. மாப்பிள்ளையின் கை அந்தரத்தில். மேளகாரர் தவிலுக்கு மேலே குச்சியைத் தூக்கியபடி. மாமியார்காரி இதை அபசகுனமென்று எடுத்து அழத் தொடங்கிவிட்டாவாம்.

"என்ன நடந்தது?" என்றார் மனேச்சர்.

"உப்புக் காத்து சேர்" என்றேன். "தீவு எல்லோ. கேபிளுக்குள்ளை பூந்திடும்."

மைதிலி சுவிட்சுக்கு முன்னால் குந்தினாள். கணினியில் கட்டளை கொடுத்துப் பார்த்தாள். சுவிட்ச் பதில் சொல்லவில்லை. அதற்குப் புதினம் கேட்கவே நேரம் போதவில்லை.

"ஒண்டையும் கழட்ட வேண்டாம்!" என்று மனேச்சர் கத்தினார். "உண்மையான கேபிளைப் பிடுங்கினால் எழுதிக்கொண்டிருக்கிற படமெல்லாம் பழுதாப் போகும்."

எனக்குத் தெரிந்த ஒரே வழி, என் பன்னிரண்டையும் பிடுங்குவது. ஒன்று மிஞ்சினாலும் சுழற்சி நிற்காது. ஆனால் எது என் பன்னிரண்டு? எல்லாம் நீலம், எல்லாம் ஒரே பின்னல். நான் செய்த பொய் அவ்வளவு நேர்த்தியாக இருந்ததால் எனக்கே உண்மை தெரியவில்லை. ரோச் லைற்றைப் பிடித்துக்கொண்டு, காரணம் தெரியாதவன்போல அவளோடு சேர்ந்து நானும் தேடினேன். என் வாழ்க்கையில் நான் வெட்கப்படுவதற்குப் பல முக்கால் மணித்தியாலங்கள் உண்டு. அவற்றுள் இதுதான் முதலாவது.

முக்கால் மணித்தியாலத்தின் முடிவில் அக்கா வந்தா. சாப்பாட்டுக் கரியரைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் எட்டிப் பார்த்தவ, லைற்றுகளைக் கண்டதும் முகம் மலர்ந்தா.

"கடவுளே, என்ன வடிவு! நேற்று விடியக் காலமை தொடங்கி, சாப்பிடாமல் குடியாமல் இருந்து கட்டினவன் பிள்ளை. நீங்கள் வாறியள் எண்டு!"

நல்ல வேளையாக மனேச்சர் முற்றத்தில் நோர்வேயோடு மன்றாடிக்கொண்டிருந்தார்.

மைதிலி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டாள்.

"எத்தினை கேபிள்?"

"பன்னிரண்டு."

"ரெண்டு நுனியும் இதிலையோ?"

"ஓம்."

"விசரோ உங்களுக்கு?"

இதுவும் ஓம், இல்லை என்றால் போதுமான கேள்விதான். நான் ஓம் என்றேன். அவள் எழும்பி வாசலுக்குப் போனாள். என் வேலை போயிற்று என்று நினைத்தேன். "பிழை பிடிபட்டிட்டுது சேர்!" என்று கூப்பிட்டுச் சொன்னாள். "எங்கேயோ ஒரு சுத்து விழுந்திருக்குது. கொஞ்ச நேரம் எடுக்கும். நீங்கள் சாப்பிடுங்கோ." திரும்பி வந்து கத்தரிக்கோல் கேட்டாள்.

அவள் முன்னால், நான் பின்னால். அவள் ஒரு நுனியை ஆட்டுவாள். எந்தக் கேபிள் அசைகிறது என்று பார்த்து, கட்டுகளை ஒவ்வொன்றாக வெட்டி, அது எங்கே போய் முடிகிறதென்று நான் கையால் தடவிப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

"இது?"

"உண்மை. விடும்."

"இது?"

"பொய்."

"இது?"

"இதுவும் பொய்தான்."

"எவ்வளவு பொய் அண்ணை!"

இரண்டே கால் மணித்தியாலம். இடையில் இரும்புச் சட்டமும் கேபிள்களும். முகம் தெரியவில்லை, குரல் மட்டும்தான் வந்தது. ஏழாவது பொய்யில், ஏன் செய்தேன் என்று கேட்டாள். அக்கா உடுப்புக் காயப் போடுகிற முறையைச் சொன்னேன். சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன்.

"ஒருத்தரும் வராட்டியும் போடுறவவோ?"

"ஓம்."

"எத்தினை வருசமா?"

"பதினாறு."

அவள் ஆட்டிக்கொண்டிருந்த நுனியை விட்டுவிட்டாள்.

"எங்கடை அம்மான்ரை வீடு புங்குடுதீவிலை. ஒருக்காலும் கண்டதில்லை. கூரையும் இல்லையாம், கதவும் இல்லையாம்." பிறகு கேட்டாள்: "அங்கை ஒருத்தரும் உடுப்புப் போடேல்லைப் போலை, என்ன?"

இதற்குச் சொல்ல வேண்டிய பதில் எனக்குத் தெரியும். ஒன்பது சொற்களும் நாக்கு நுனிக்கு வந்து வரிசையில் நின்றன. "மைதிலி" என்றேன். அண்ணை என்று சொல்லாமல் "ம்" என்றாள். மனேச்சர் கையைத் துடைத்தபடி உள்ளே வந்தார். நண்டுக் கறி அவரைத் தூங்க வைக்கவில்லை, உற்சாகப்படுத்தியிருந்தது.

"என்ன தேவன்?"

"பின்பக்கம் தூசி கூட சேர்" என்றேன்.

பன்னிரண்டாவது கேபிளைப் பிடுங்கியதும் துடிப்பு நின்றது. ஒன்பது லைற்றுகள் அமைதியாக மினுங்கின. நோர்வேயில் தாலி கட்டியாயிற்று என்று செய்தி வந்தது. மைதிலி கணினியில் உட்கார்ந்து முப்பத்தொன்பது போர்ட்டுகளையும் ஒவ்வொன்றாகப் பூட்டத் தொடங்கினாள். அந்த அரை மணித்தியாலமும் மனேச்சர் என்னை முற்றத்தில் நிறுத்தி, உப்புக் காற்றைப் பற்றி விளக்கம் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு வான்காரர் ஹோர்ன் அடித்தார். அவர்களுக்குப் பின்னேர ரயில்.

வாசல் படலையடியில் அவள் நின்றாள். மனேச்சர் ஏறிவிட்டார். வாழ்க்கை எனக்கு அரை நிமிடம் ஒதுக்கித் தந்தது. நான் சொன்னது இதுதான்:

"நண்டுக் கறி கட்டித் தரட்டோ?"

"தாங்கோ" என்றாள். கட்டிக் கொடுத்தேன். மண்கும்பான் கடற்கரையை வான் ஜன்னலால் பார்த்திருப்பாள்.

அவள் எழுதிய அறிக்கையில் என் பெயர் இருக்கவில்லை. அறையையும் மூடவில்லை. மென்பொருள் வந்தது. கிழமைக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பியது. அதன் தலைப்பைக் கண்டாலே மைதிலியின் வெள்ளிக்கிழமைகள் நினைவுக்கு வந்தன. அதனால் ஒன்றையும் வாசிக்காமல், 'பார்த்தாயிற்று' என்ற இடத்தில் தட்டிவிட்டு இருந்தேன்.

எட்டு மாதம் கழித்து அந்த சுவிட்ச் மின்னலில் அரைகுறையாகப் போயிற்று. புதியதற்கு மாற்றுவதற்காகப் பழையதன் அமைப்பை வரி வரியாகப் பிரதி பண்ண வேண்டியிருந்தது. ஒவ்வொரு போர்ட்டுக்கும் ஒரு சிறு குறிப்பு எழுத இடம் உண்டு. மைதிலி அன்று எல்லாவற்றுக்கும் எழுதியிருந்தாள். பாவனையில் இல்லை. பாவனையில் இல்லை. பாவனையில் இல்லை. முப்பத்தோராவது மட்டும் பூட்டாமல் கிடந்தது. அதற்கு எதிரே: 'மூட முன் கேட்கவும். மைதிலி.' பக்கத்தில் ஒரு கைத்தொலைபேசி இலக்கம். அலுவலக இலக்கம் அல்ல.

மின்னஞ்சல்களைத் தோண்டி எடுத்துப் பார்த்தேன். எட்டு மாதமாக, கிழமை தவறாமல், 'முப்பத்தொன்று திறந்து கிடக்கிறது, உரியவரைக் கேட்கவும்' என்று அந்த மென்பொருள் எனக்குச் சொல்லியிருக்கிறது. நானும் கிழமை தவறாமல், பார்த்தாயிற்று என்று பதில் சொல்லியிருக்கிறேன்.

இலக்கத்தை அழைத்தேன். அது பாவனையில் இல்லை என்று மூன்று மொழிகளில் ஒரு பெண் சொன்னாள். கொழும்பு அலுவலகத்துக்கு எடுத்தேன். "மைதிலியோ? போன மாசம்தான் மெல்பேர்ணிலை கல்யாணம் நடந்தது அண்ணை. உங்களுக்குத் தெரியாதோ?" என்றார்கள்.

அது வெறும் தொழில் வழக்கமாகவும் இருக்கலாம். பிற்காலத் தேவைக்கு ஒரு போர்ட்டை விட்டுவைப்பவர்கள் தங்கள் பெயரை எழுதி வைப்பது உண்டுதான். இதை நான் எனக்குப் பலமுறை சொல்லியிருக்கிறேன். நம்பும்போது ஒரு கவலை, நம்பாதபோது வேறொரு கவலை. புதிய சுவிட்சிலும் முப்பத்தொன்றைத் திறந்தே விட்டேன், குறிப்பையும் ஓர் எழுத்துக் குறையாமல் பிரதி பண்ணினேன். சோதனைக்கு வருகிறவர்கள் கேட்டால், உரியவரிடம் இன்னும் கேட்கவில்லை என்பேன். அது உண்மை.

அக்காவிடம் மட்டும் சொன்னேன். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தா. பிறகு சிரிக்காமல், "கறியை மட்டும் வடிவாக் கட்டிக் குடுத்தனி" என்றா. அதன்பின் நான்கு நாடுகளிலிருக்கும் எங்கள் சொந்தம் முழுவதற்கும் தொலைபேசியில் ஒலிபரப்பினா. இப்போது எங்கள் குடும்பத்தில் கடிதமோ குறுஞ்செய்தியோ பதிலில்லாமல் கிடந்தால், "என்ன, தேவன் மாமா மாதிரியே?" என்றுதான் கேட்கிறார்கள். மைதிலியைக் கண்டறியாத, தமிழே சரியாகத் தெரியாத பிள்ளைகளும் கேட்கிறார்கள்.

போன கிழமை அக்காவின் மகள் தன் கல்யாண அழைப்பைத் தொலைபேசிக்கு அனுப்பியிருந்தாள். எழுத்தெண்ணி வாசித்தேன். நாள், முகூர்த்தம், மண்டபம் எல்லாம் தாண்டி, அடியில், கண்ணுக்குத் தெரியாத சின்ன எழுத்தில் எனக்கென்று ஒரு வரி சேர்த்திருந்தாள்:

'மாமா, கல்யாணம் ஆறு கிழமையில். எட்டு மாதம் எடுக்க வேண்டாம்.'